மலபார் பெண் என்று சொல்லிப் புகழ் பெற்ற மாதா ஹரி

பாலக்காடும் கொல்லங்கோடும் சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவில் இருந்த காலம் அது. சித்தூர் கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தன. அந்த நாளில், 1905-ம் ஆண்டு, பாரிஸ் மாநகரில் ஒரு பெண் மேடை ஏறினாள். தான் கிழக்கு நாட்டுக் கோயில்களின் புனித நடனம் கற்றவள் என்றாள். மலபார் கரையில் பிறந்தவள், கோயில் தாசியின் மகள் என்று அவளைப் பற்றிக் கதை பரவியது. பாரிஸ் நகரம் அதை அப்படியே நம்பியது.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. அதே பெண் அதே நகரில் ராணுவ நீதிமன்றத்தின் முன்னால் நின்றாள். தான் பிரான்சுக்குத் துரோகம் செய்யவில்லை என்று சொன்னாள். பாரிஸ் நகரம் நம்பவில்லை. பன்னிரண்டு சிப்பாய்கள் வரிசையாக நின்று அவளைச் சுட்டார்கள்.

அவள்தான் மாதா ஹரி. உளவு என்ற சொல்லைக் கேட்டதும் உலகம் முழுவதும் நினைவுக்கு வரும் பெயர். அவள் சொன்ன பொய் எது, உண்மை எது? அவளை இந்த வலையில் இழுத்துவிட்ட மனிதன் யார்? அவனுக்குப் பின்னால் என்ன நேர்ந்தது? இவை எல்லாம் நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. ஏனென்றால் அந்தக் கதையின் முதல் பொய்யில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறது!

கந்தசாமி கோயில் தாசி!

மாதா ஹரியின் பெயரால் உலவிய பிறப்புக் கதை இதுதான். தென்னிந்தியாவில் மலபார் கரையில் ஜாப்னாபட்டணம் என்ற புண்ணிய நகரம் இருக்கிறதாம். அங்கே ஒரு பிராமணக் குடும்பத்தில் அவள் பிறந்தாளாம். தகப்பனார் பெயர் சுப்ரசெட்டியாம். அவருக்கு ஆசீர்வாதம் என்று இன்னொரு பெயராம். தாயார் கந்தசாமி கோயிலில் ஆடிய தாசியாம். மகளைப் பெற்ற அன்றே தாய் இறந்துவிட்டாளாம். கோயில் குருக்கள்மார் குழந்தையை எடுத்து வளர்த்து, மாதா ஹரி என்று பெயர் வைத்து நடனம் கற்பித்தார்களாம்.

படிக்கும்போதே நமக்குச் சிரிப்பு வருகிறது. ஜாப்னாபட்டணம் என்பது யாழ்ப்பாணம். அது இலங்கையின் வடமுனையில் இருக்கிறது. மலபார் கரையோ அரபிக் கடலோரம். பிராமணருக்குச் செட்டி என்று பெயர், அவரே கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளும் ஆசீர்வாதம் என்ற பெயரும் தாங்கியிருக்கிறார்! பாலக்காட்டு அக்கிரகாரத்தில் ஒரு சிறு பையனிடம் இதைச் சொல்லியிருந்தால் அவனே குட்டை உடைத்திருப்பான். ஆனால் பாரிசில் அதற்கு ஆள் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணமும் உண்டு. போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் தமிழர்களை மலபார்கள் என்றே அழைத்து வந்தார்கள். தமிழ் மொழியையும் மலபார் மொழி என்றே எழுதினார்கள். யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்டவர்கள் ஒல்லாந்தர். ஜாப்னாபட்டணம் என்பது அவர்கள் காகிதங்களில் உள்ள பெயர். கந்தசாமி என்றால் நல்லூர்க் கந்தசாமி கோயில் நினைவுக்கு வராத தமிழர் இல்லை. எங்கோ கேட்ட பெயர்களை ஒன்றாகச் சேர்த்து யாரோ ஒரு கதை தைத்துவிட்டார்கள். தைக்கப்பட்டவளும் ஓர் ஒல்லாந்துப் பெண்தான்.

தொப்பிக் கடைக்காரர் மகள்

அவள் உண்மைப் பெயர் மார்கரீத்தா கீர்த்ரூய்டா ஸெல்லே. ஹாலந்து நாட்டில், லூவார்டன் என்ற ஊரில் 1876-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி பிறந்தாள். தகப்பனார் ஆடம் ஸெல்லே தொப்பிக் கடை வைத்திருந்தார். செல்வம் கொழித்த காலம். ஒரே மகள் என்பதால் அவளுக்கு ஆடு பூட்டிய சிறு வண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அந்த வண்டியில் ஊரைச் சுற்றி வந்தவள், தான் மற்றவர்களைப் போல் இல்லை என்ற எண்ணத்தை அப்போதே வளர்த்துக்கொண்டாள்.

1889-ல் தகப்பனார் திவாலானார். பெற்றோர் பிரிந்தார்கள். 1891-ல் தாயார் காலமானார். பதினைந்து வயதுப் பெண் உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தாள். குழந்தைகள் பள்ளி ஆசிரியையாகப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதுவும் பாதியில் நின்றது.

1895-ல் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகளில் பணிபுரியும் ராணுவ காப்டன் ஒருவர் மணமகள் தேடுகிறார் என்று அதில் இருந்தது. அவர் பெயர் ருடால்ப் மக்லியோட். அவளைவிட இருபது வயது மூத்தவர். அவள் தன் போட்டோவைச் சேர்த்துப் பதில் எழுதினாள். அந்த ஆண்டு ஜூலை 11-ந் தேதி ஆம்ஸ்டர்டாமில் கல்யாணம் நடந்தது.

1897-ல் கணவனுடனும் கைக்குழந்தையுடனும் ஜாவாத் தீவுக்குக் கப்பல் ஏறினாள். அங்கே ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. ஆனால் வாழ்க்கை நரகமானது. கணவன் குடிப்பான், அடிப்பான். 1899-ல் சுமத்ராவில் இருந்தபோது இரண்டு குழந்தைகளும் நோயுற்றன. இரண்டு வயது மகன் இறந்தான். வேலைக்காரி விஷம் வைத்தாள் என்று ஒரு பேச்சு. தகப்பனிடமிருந்து வந்த நோய்க்குக் கொடுத்த மருந்தே எமனாயிற்று என்று இன்னொரு பேச்சு. எப்படியானாலும் அந்தக் குடும்பம் அன்றோடு உடைந்தது.

1902-ல் ஹாலந்து திரும்பினார்கள். அதே ஆண்டில் பிரிந்தார்கள். மகளைத் தாயிடம் ஒப்படைக்கும்படி நீதிமன்றம் சொன்னது. ஆனால் கணவன் ஜீவனாம்சம் தரவில்லை. கையில் காசில்லாத தாயிடமிருந்து மகளைத் தன்னிடமே எடுத்துக்கொண்டான். அதன் பிறகு மகளோடு வாழும் பாக்கியம் அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

கண் என்றால் சூரியன்

ஜாவாவில் இருந்தபோது அவள் மலாய் மொழி கொஞ்சம் கற்றிருந்தாள். அந்நாட்டுப் பெண்களின் நடனத்தைப் பார்த்திருந்தாள். 1903-ல் பிழைப்புத் தேடிப் பாரிஸ் வந்தாள். ஓவியர்களுக்கு முன்னால் அமர்ந்து பார்த்தாள், சர்க்கசில் குதிரை ஓட்டினாள். எதுவும் சரிப்படவில்லை. அப்புறம்தான் நடனம் ஆடத் துணிந்தாள்.

மாதா ஹரி என்ற பெயரைக் கேட்டால் நமக்குத் தாயும் திருமாலும் நினைவுக்கு வருகிறார்கள். உண்மையில் அது மலாய்ச் சொல். மாத்தா என்றால் கண். ஹரி என்றால் பகல். பகலின் கண், அதாவது சூரியன். மலேயாவில் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் வீட்டில் கேட்டால் உடனே சொல்வார்கள்.

1905-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி பாரிசில் உள்ள கீமே அருங்காட்சியகத்தில் அவளுடைய அரங்கேற்றம் நடந்தது. எமில் கீமே என்ற தொழிலதிபர் கிழக்கு நாடுகளின் கலைப்பொருள்களைச் சேர்த்து அமைத்த இடம் அது. அதன் நூலகத்தையே கோயில் போல் அலங்கரித்தார்கள். பூமாலைகள், மெழுகுவர்த்திகள், நடுவில் சிவன் சிலை. அழைக்கப்பட்ட பெரிய மனிதர்கள் முன்னிலையில், ஒவ்வொரு மெல்லிய ஆடையாகக் களைந்துகொண்டே அவள் ஆடினாள்.

மற்றப் பெண்கள் இப்படி ஆடினால் அது காபரே. போலீஸ் வரும். மாதா ஹரி ஆடினால் அது பக்தி! அதுதான் அவள் கண்டுபிடித்த தந்திரம். கோயில், தெய்வம், கிழக்கு நாட்டு ரகசியம் என்ற போர்வை இருந்ததால் சீமான்களும் சீமாட்டிகளும் கூச்சமில்லாமல் வந்து பார்த்தார்கள். பாரிசின் ஒலிம்பியா அரங்கு, மாட்ரிட், மாண்டி கார்லோ, வியன்னா, மிலானின் லா ஸ்காலா என்று அவள் கொடி பறந்தது.

உண்மையான தமிழ்த் தேவதாசிகள் அதற்கு வெகுகாலம் முன்பே பாரிசுக்குப் போனதுண்டு. 1838-ல் புதுச்சேரிக்கு அருகே உள்ள திருவேந்திபுரத்திலிருந்து அம்மணி முதலிய நடனப் பெண்கள் தங்கள் வாத்தியக்காரர்களுடன் கப்பலேறிச் சென்று அரசர் முன்னிலையிலும் அரங்குகளிலும் ஆடினார்கள். பார் என்ற சிற்பி அம்மணிக்கு வெண்கலச் சிலை வடித்தார். அவர்கள் உடல் முழுவதும் மூடிய உடையோடு ஆடினார்கள். ஆனால் அவர்களை நினைத்துப் பார்க்கிறவர்கள் இன்று மிகச் சிலர். பொய்த் தாசியின் பெயர்தான் நிலைத்தது.

ஆண்டுகள் போகப் போக வயது ஏறியது. அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் அதே ஆட்டத்தை ஆடத் தொடங்கினார்கள். 1912-ல் பாரிசுக்கு வந்திருந்த இந்திய இசைமேதை இனாயத் கான் தம் சகோதரர்களுடன் அவள் நடனம் ஒன்றுக்கு வாத்தியம் வாசித்தார். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவர் மீண்டும் வருவார். 1913-ல் அவள் பாரிசின் பிரபல இரவு அரங்கமான போலி பெர்ஜேரில் ஆடினாள். மேடையில் வந்த பணம் போதவில்லை. பணக்காரர்கள், ராணுவ அதிகாரிகள் இவர்களுடைய தயவில் ஆடம்பரமாக வாழ்ந்தாள். எந்த நாட்டு அதிகாரி என்று அவள் பார்க்கவில்லை. சமாதான காலத்தில் யாரும் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை.

எம்டன் வந்த ஆண்டு

1914 என்றால் நம் பெரியவர்களுக்கு எம்டன் நினைவு வரும். அந்த ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. அந்த யுத்தம் தொடங்கிய ஆகஸ்டு மாதத்தில் மாதா ஹரி பெர்லினில் இருந்தாள். அங்கே ஓர் அரங்கத்தில் ஆட ஒப்பந்தமாகியிருந்தாள். யுத்தம் வந்ததும் ஒப்பந்தம் போயிற்று. விலை உயர்ந்த உரோம ஆடைகளும் பணமும் பெர்லினில் மாட்டிக்கொண்டன. வெறும் கையோடு ஹாலந்து வந்து சேர்ந்தாள்.

1916-ம் ஆண்டு மே மாதம் ஒரு நாள் இரவு. ஹேக் நகரில் அவள் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார். ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஜெர்மன் கான்சல் கிரேமர். பிரான்சுக்குப் போய்ச் செய்தி அனுப்பினால் 20,000 பிராங்கு தருவதாகச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத மைப் புட்டிகளும் கொடுத்தார். எச் 21 என்று அவளுக்கு ஒரு குறிப்புப் பெயரும் வைத்தார்கள்.

அவள் பணத்தை வாங்கிக்கொண்டாள். மைப் புட்டிகளைக் கால்வாயில் எறிந்துவிட்டதாகப் பின்னாளில் சொன்னாள். பெர்லினில் தன் ஆடைகளைப் பிடுங்கிக்கொண்டார்களே, அதற்கு இது ஈடு என்று நினைத்தாளாம். இந்தக் கணக்கு அவளுக்கு நியாயமாகப் பட்டது. யுத்தகாலத்தில் இப்படிப்பட்ட கணக்குகள் செல்லாது என்பது அவளுக்குப் புரியவில்லை.

கறுப்பு தாடிக்காரர்

பாரிஸ் வந்தவள் காதலில் விழுந்தாள். அவளுக்கு வயது நாற்பது. அவன் பெயர் வாடிம் மாஸ்லோவ். ரஷ்ய ராணுவ காப்டன். வயது இருபத்தொன்று. போர்முனையில் விஷவாயுவால் கண் பாதிக்கப்பட்டு விட்டெல் என்ற ஊரில் சிகிச்சையில் இருந்தான். அந்த ஊர் ராணுவப் பகுதி. உத்தரவுச் சீட்டு இல்லாமல் போக முடியாது.

உத்தரவுச் சீட்டுக்காக 1916 ஆகஸ்டில் ஓர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கேதான் அந்த மனிதனைச் சந்தித்தாள். காப்டன் ஜார்ஜ் லாதூ. பிரெஞ்சு ராணுவத்தின் எதிர் உளவுப் பிரிவின் தலைவர். கறுத்த தாடியும் மூக்குக் கண்ணாடியும் உள்ள பருத்த ஆள்.

இந்தச் சந்திப்பைப் பற்றிப் பின்னாளில் சிறையிலிருந்து அவள் விசாரணை அதிகாரியிடம் விவரமாகச் சொன்னாள். தன்னை உளவாளி என்று ஆங்கிலேயர் சந்தேகிப்பதாக லாதூ சொன்னாராம். தாம் அதை நம்பவில்லை என்றாராம். அவளுக்குப் பிரான்சின் மீது அன்பு இருந்தால் பிரான்சுக்காக உளவு பார்க்கலாமே என்று பேச்சை மெல்ல எடுத்தாராம். அவள் யோசித்துப் பதில் சொல்வதாகச் சொல்லி விட்டெல் போனாள். காதலனைப் பார்த்தாள். அவனைக் கல்யாணம் செய்துகொண்டு நிம்மதியாக வாழப் பணம் வேண்டும் என்று முடிவு செய்தாள். திரும்பி வந்து பத்து லட்சம் பிராங்கு கேட்டாள். லாதூ முன்பணமாக ஒரு காசு கூடக் கொடுக்கவில்லை. காரியம் முடிந்தால் பார்க்கலாம் என்றார்.

அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே இரண்டு போலீஸ்காரர்கள் அவளை நிழல் போல் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். எந்தக் கடைக்குப் போனாள், யாருடன் சாப்பிட்டாள், எந்த ஜோசியக்காரியைப் பார்த்தாள் என்று எல்லாம் எழுதினார்கள். உளவுக்கு மட்டும் ஒரு தடயமும் கிடைக்கவில்லை. தூண்டிலில் புழுவாக அவளை மாட்டியவர், அவளே மீனாக அகப்படட்டும் என்று காத்திருந்தார்.

மாட்ரிட் நகரில்

1916 நவம்பரில் லாதூவின் திட்டப்படி ஸ்பெயினிலிருந்து ஹாலந்துக்குக் கப்பல் ஏறினாள். வழியில் இங்கிலாந்தின் பால்மத் துறைமுகத்தில் கப்பலை நிறுத்தினார்கள். கிளாரா பெனடிக்ஸ் என்ற ஜெர்மன் உளவுப் பெண் இவள்தான் என்று தவறாக நினைத்து லண்டனுக்குக் கொண்டு போனார்கள். ஸ்காட்லாந்து யார்டில் சர் பாசில் தாம்சன் அவளை விசாரித்தார். தான் லாதூவுக்காக வேலை செய்வதாக அவள் உண்மையைச் சொன்னாள். லண்டனிலிருந்து கேட்டபோது லாதூ கைவிரித்தார். அவளை ஸ்பெயினுக்கே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்.

மாட்ரிடில் அவள் தனித்து நின்றாள். கையில் பணமில்லை, உத்தரவும் இல்லை. தானே ஒரு காரியம் செய்து காட்டலாம் என்று நினைத்தாள். அங்கிருந்த ஜெர்மன் ராணுவப் பிரதிநிதி மேஜர் கால்லே வீட்டுக்கு நேராகப் போனாள். பேச்சுக் கொடுத்தாள். மொராக்கோ கரையில் நீர்மூழ்கிக் கப்பல் மூலம் ஆட்களை இறக்க ஜெர்மனி திட்டமிடுவதாக அவர் வாயிலிருந்து வந்தது. அவள் அதை உடனே பிரெஞ்சுத் தூதரகத்தில் இருந்த கர்னலிடம் சொன்னாள். லாதூவுக்கும் கடிதம் எழுதினாள்.

கால்லே சும்மா இருக்கவில்லை. எச் 21 வந்தாள், பணம் கேட்கிறாள் என்று பெர்லினுக்குத் தந்தி அடித்தார். அவள் வீட்டு வேலைக்காரியின் பெயர் வரை அதில் இருந்தது. அந்தத் தந்தியின் ரகசிய எழுத்துமுறையைப் பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கெனவே உடைத்திருந்தார்கள். ஈபில் கோபுரத்தின் வானொலிக் கருவி அந்தச் செய்திகளைப் பிடித்தது. பிரெஞ்சுக்காரர்கள் கேட்பார்கள் என்று தெரிந்தே கால்லே அவளைக் காட்டிக்கொடுத்தார் என்பது பல ஆராய்ச்சியாளர்களின் கருத்து. இரு தரப்பையும் ஏமாற்றுகிறோம் என்று நினைத்தவளை இரு தரப்பும் கைவிட்டன.

1917 ஜனவரியில் பரிசுப் பணம் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு பாரிஸ் திரும்பினாள். லாதூ முகம் கொடுக்கவில்லை. பிப்ரவரி 13-ந் தேதி காலை ஓட்டல் அறையில் அவளைக் கைது செய்தார்கள்.

நம்பாத நீதிமன்றம்

சான் லசார் சிறையில் அவளை அடைத்தார்கள். ஈரம் படிந்த சுவர், எலிகள், அழுக்கு. பட்டும் முத்தும் அணிந்தவள் குளிக்கத் தண்ணீர் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. விசாரணை அதிகாரி பூஷார்டோன் பிப்ரவரி முதல் ஜூன் வரை அவளைத் திரும்பத் திரும்ப விசாரித்தார். தொடக்கத்தில் அவள் கிரேமர் விஷயத்தை மறைத்தாள். மே 21-ந் தேதி 20,000 பிராங்கு வாங்கியதை ஒப்புக்கொண்டாள். ஆனால் எந்த ராணுவ ரகசியத்தையும் கொடுக்கவில்லை என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பிரான்ஸ் பெரிய ஆபத்தில் இருந்தது. 1917 ஏப்ரலில் தொடங்கிய தாக்குதல் படுதோல்வி அடைந்தது. ஆயிரக்கணக்கில் வீரர்கள் மாண்டார்கள். மே, ஜூன் மாதங்களில் பல படைப்பிரிவுகள் போர்முனைக்குப் போக மறுத்தன. தோல்விக்குத் தளபதிகள் காரணம் என்று யார் சொல்வார்கள்? உள்ளே இருக்கும் துரோகிகள் காரணம் என்றால் எல்லாருக்கும் வசதி. ஐம்பதாயிரம் வீரர்களின் சாவுக்கு இவள் காரணம் என்று பேச்சுக் கிளம்பியது. எந்தப் போரில், எந்த ரகசியத்தால் என்று காட்டத்தான் ஆளில்லை.

ஜூலை 24, 25 தேதிகளில் மூடிய கதவுகளுக்குள் வழக்கு நடந்தது. அவளுக்காக வாதாடியவர் எழுபதைத் தாண்டிய கிழவர் குளூனே. சர்வதேசச் சட்டத்தில் பேர்போனவர், ஆனால் ராணுவ வழக்குகளில் பழக்கமில்லாதவர். காதலன் மாஸ்லோவ் சாட்சி சொல்ல வரவில்லை. அவளோடு தனக்கு இருந்தது பெரிய உறவல்ல என்று எழுதியனுப்பினான். அவளை அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டிருக்கும்.

எட்டுக் குற்றச்சாட்டுகள். ஒரு மணி நேரத்துக்குள் ஏழு நீதிபதிகளும் முடிவு செய்தார்கள். மரண தண்டனை!

அவள் மேல் அனுதாபம் கொள்ள யாரும் இல்லை. அவள் பிறப்பைப் பற்றிச் சொன்னது பொய். பெயர் பொய். நடனம் பொய். கணவனை விட்டவள், பல ஆண்களோடு பழகியவள். அவள் உளவு பார்த்தாளா என்பதைவிட, அவள் எப்படிப்பட்டவள் என்பதையே அந்த மண்டபத்தில் விசாரித்தார்கள். கோயில் தாசி என்று பொய் சொல்லிக் கைதட்டல் வாங்கியவளிடம், உண்மையைச் சொல்ல வேண்டிய நாள் வந்தபோது கேட்பதற்குக் காது இல்லை.

விடியற்காலை வான்சென்

அக்டோபர் 15-ந் தேதி விடியற்காலை. சிறைக் கதவு திறந்தது. அவள் பதறவில்லை. நிதானமாக உடை உடுத்தினாள். கையுறை போட்டாள், தொப்பி வைத்தாள். சில கடிதங்கள் எழுதிக் கொடுத்தாள். கன்னிமாதர் ஒருவர் துணைவர வான்சென் மைதானத்துக்குக் காரில் போனாள். கண்ணைக் கட்ட வந்தபோது வேண்டாம் என்றாள். பன்னிரண்டு துப்பாக்கிகள் முழங்கின. வயது நாற்பத்தொன்று.

அவள் உரோம ஆடைக்குள் ஒன்றும் அணியாமல் வந்தாள், சிப்பாய்களைப் பார்த்து மயக்கினாள், துப்பாக்கியில் குண்டே இல்லை என்று யாரோ ஏமாற்றினார்கள் என்றெல்லாம் கட்டுக்கதைகள் உண்டு. எல்லாம் பத்திரிகைகளும் சினிமாக்களும் சேர்த்தவை. 1931-ல் கிரேட்டா கார்போ நடித்த படம் அந்தக் கற்பனையை உலகமெங்கும் கொண்டுபோயிற்று.

உடலை வாங்க ஒருவரும் வரவில்லை. மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். தலையைப் பாரிஸ் உடற்கூறு அருங்காட்சியகத்தில் வைத்திருந்ததாகச் சொல்வார்கள். 2000-ம் ஆண்டில் பார்த்தபோது அது காணாமற்போயிருந்தது! அவள் மகள் 1919-ல் இருபத்தொரு வயதில் இறந்தாள். தாயைப் பார்க்க ஏங்கியவளா, வெறுத்தவளா, அதைச் சொல்ல இன்று யாரும் இல்லை.

வலை விரித்தவன் வலையில்

இப்போது அந்தக் கறுப்பு தாடிக்காரருக்கு வருவோம். மாதா ஹரி சுடப்பட்டுச் சில நாட்களிலேயே லாதூ கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? எதிரியோடு தொடர்பு! ஜெர்மன் பணத்தைக் கொண்டு ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையை வாங்க நடந்த சதியில் அவர் பெயரும் அடிபட்டது. உளவாளிகளைப் பிடித்தவரே உளவாளியா என்று நாடு திகைத்தது. 1919-ல் அவரை விடுதலை செய்தார்கள். 1932-ல் அவர் தம் உளவு வேட்டை நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் தம்மைக் கெட்டிக்காரராகவே காட்டிக்கொண்டார். ஆனால் அவர் மீது விழுந்த நிழல் விலகவே இல்லை. எச் 21 பற்றிய தந்திகளில் அவரே கை வைத்திருக்கலாம் என்று எழுதும் ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள்.

அவருக்கு விசாரணை கிடைத்தது, விடுதலை கிடைத்தது, தம் பக்கத்தைச் சொல்லப் புத்தகமும் கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது சிறை அறையில் விசாரணை அதிகாரியின் முன் சொன்ன வாக்குமூலம் மட்டுமே. அந்தக் காகிதங்களையும் பூட்டி வைத்தார்கள். நூறு ஆண்டுகள் கழித்து 2017-ல்தான் பிரெஞ்சு ராணுவம் அவற்றை எல்லாரும் பார்க்கும்படி திறந்தது. 1999-ல் வெளியான ஆங்கிலேய உளவுத்துறைக் காகிதங்களிலும், அவள் ராணுவ ரகசியம் எதையும் கடத்தியதாக ஆதாரம் இல்லை.

அவள் குற்றமற்ற மாடப்புறா என்று சொல்வதற்கில்லை. எதிரியிடம் பணம் வாங்கியது உண்மை. அதை மறைத்ததும் உண்மை. ஆனால் வாங்கிய பணத்துக்கு அவள் என்ன கொடுத்தாள் என்று கேட்டால், பத்திரிகையில் வந்த செய்திகளும் ஊர் வம்பும்தான் மிஞ்சுகின்றன. அதற்கு மரண தண்டனை என்பது, தோல்வியில் துவண்ட ஒரு நாடு தன் கோபத்தைத் தீர்த்துக்கொண்ட வழி.

கடைசியாக இனாயத் கான். மாதா ஹரிக்கு வாத்தியம் வாசித்த அந்த மேதை, தாய்வழியில் திப்பு சுல்தானின் வம்சத்தோடு தொடர்புள்ளவர் என்று அறியப்பட்டவர். 1766-ல் ஐதர் அலி கட்டிய பாலக்காட்டுக் கோட்டையை நாம் இன்றும் திப்பு கோட்டை என்றுதானே சொல்கிறோம்! 1914-ல் பிறந்த அவர் மகள் நூர் இனாயத் கான், இரண்டாம் உலக யுத்தத்தில் ஆங்கிலேயருக்காக ரகசிய வானொலிக் கருவியோடு பாரிசில் பணிபுரிந்தார். ஜெர்மானியரிடம் சிக்கினார். துன்புறுத்தியும் தம் ரகசியங்களைச் சொல்லவில்லை. 1944 செப்டம்பர் 13-ந் தேதி டாக்காவ் முகாமில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1949-ல் ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

இந்திய ரத்தம் இல்லாமலே இந்தியப் பெண் என்று சொல்லிக்கொண்டவள், உளவு பார்க்காமலே உளவாளிகளின் ராணி என்று பெயர் வாங்கினாள். இந்திய ரத்தம் ஓடியவர், உண்மையான உளவாளி, சத்தமில்லாமல் உயிர் கொடுத்தார். முன்னவள் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். பின்னவர் பெயரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.